மாணவர் கணினியும் தமிழ் எழுத்தும்

2005 ஆம் ஆண்டில் நாம் இளமுனைவர் பட்ட ஆய்வேட்டினை அளித்தோம். சீறாப்புராண உவமைகள் பற்றிய அவ்வாய்வேடு, நகரத்துத் தட்டச்சு நிலையம் ஒன்றில் பாமினி என்னும் எழுத்துருவில் கணினியேற்றப்பட்டது. குறுந்தகட்டில் பதிந்து தந்தனர். அதனை அலமாரியில் பூட்டிவைத்தோம். பதினைந்து ஆண்டுகள் கழித்து, ஓர் இயலைக் கட்டுரையாக்கும் நோக்குடன் புதிய கணினியில் திறந்தபோது, திரையில் தமிழே இல்லை. பக்கந்தோறும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமே சிதறிக் கிடந்தன.

புதிதாகக் கணினி வாங்கும் மாணவர்கள், அதில் எவ்வெம் மென்பொருள்களை நிறுவ வேண்டுமென நம்மிடம் வினவுகின்றனர். கணினித்துறைப் பேராசிரியர் நெடிய பட்டியல் தரக்கூடும். தமிழ் மாணவர்க்கு முதலில் வேண்டுவது எதுவென நம் பட்டறிவு கொண்டு கூற விழைகின்றோம்.

எழுத்து மறைந்த காரணம்

பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து காட்டுபவை. ‘தமிழ்’ என நாம் எழுதினால், கணினி தன்னுள் வைத்திருப்பது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையுமே. தமிழ் என்பது மேலே போர்த்திய ஆடை. எழுத்துரு இல்லாத கணினியில் ஆடை நழுவிவிடுகிறது. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு முறையை வகுத்திருந்தமையால், ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க இயலாத நிலை நெடுங்காலம் நீடித்தது.

1991 இல் வெளிவந்த ஒருங்குறி என்னும் உலகப் பொதுமுறை, தமிழ் எழுத்துகளுக்கெனத் தனி எண்களை ஒதுக்கியது. ககரத்திற்கு 2965, புள்ளிக்கு 3021. 2010 இல் தமிழக அரசும் இம்முறையை ஏற்றது. இலக்கணம் கற்றார்க்கு இதில் ஒரு மனக்குறை எழும். மெய்யே அடிப்படை, அகரம் அதனை இயக்குகிறது என்பது நம் மரபு. ஒருங்குறியோ ‘க’ என்பதை அடிப்படையாக்கி, அதன்மேல் புள்ளி சேர்த்துக் ‘க்’ ஆக்குகிறது. மூன்றெழுத்துச் சொல்லாகிய ‘தமிழ்’ அதன் கணக்கில் ஐந்து. அக்குறையை நாமும் உணர்கின்றோம். எனினும் உலகின் எக்கணினியிலும் தமிழ் தமிழாகவே தோன்றும் பயனுக்காக அதனைப் பொறுத்துக்கொள்ளலாம்.

நம் ஆய்வேட்டை மாற்றி மென்பொருளில் இட்டு ஒருங்குறியாக்கினோம். இடையிடையே இருந்த ஆங்கிலச் சொற்கள் பொருளற்ற தமிழாயின. அதனினும் பெரிய வியப்பு, ‘புலவர்’ என்று தேடியபோது ஓரிடத்தும் கிடைக்கவில்லை. கண்ணுக்கோ பக்கந்தோறும் புலவர் தென்பட்டார்! பாமினியில் ரகர மெய்க்குத் துணைக்காலையும் புள்ளியையும் சேர்த்து எழுதுவர். மாற்றியானது அதனை அவ்வாறே கொண்டுவந்து ‘புலவா்’ என ஆக்கியிருந்தது. கண்ணை ஏமாற்றும் இப்பிழை கணினியை ஏமாற்றாது. துணைக்காலின்மேல் புள்ளி தமிழில் எங்கும் வாராதாகலின், அவ்விணையைத் தேடி ‘ர்’ என மாற்றுமாறு கட்டளையிட்டுத் திருத்தினோம். பழைய கோப்பு வைத்திருக்கும் ஆசிரியப் பெருமக்கள் இதனைக் குறித்துக்கொள்வாராக.

நிறுவ வேண்டியவை

ஆதலின் முதற்பணி தமிழ் விசைப்பலகை. விண்டோஸ் 11 இல் இதற்கெனத் தனி மென்பொருள் தேவையில்லை. அமைப்புகளில் மொழிப் பகுதிக்குச் சென்று தமிழைச் சேர்த்து, தமிழ் 99 என்னும் விசைப்பலகையைத் தேர்ந்தால் போதும். விண்டோஸ் விசையையும் இடைவெளி விசையையும் ஒருங்கே அழுத்தினால் மொழி மாறும். 1999 இல் சென்னையில் நிகழ்ந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி அரசு ஏற்ற விசைப்பலகை இது. உயிர் இடக்கையிலும் மெய் வலக்கையிலும் அமைந்திருப்பது இதன் அழகு. ககரத்தை இருமுறை தட்டினால் முதலது தானே புள்ளி பெறும். மெல்லினத்தை அடுத்து அதன் இனவல்லினம் வரினும் அவ்வாறே. நன்னூல் எழுத்ததிகாரம் பயின்ற மாணவர்க்கு இது ஒரு வாரத்தில் கைவரும். ஆங்கில ஒலிவழித் தட்டுவோர் லகர ளகர ழகரத்திற்குத் தடுமாறுவதை வகுப்பில் நாள்தோறும் காண்கின்றோம். ஸ, ஷ, ஜ, ஹ ஆகிய கிரந்த எழுத்துகள் மாற்று விசையுடன் மேல்வரிசையில் கிடைக்கும். இசுலாமியத் தமிழிலக்கியம் பயில்வார்க்கு இவை இன்றியமையாதன. அரபு எழுத்தையும் தமிழையும் ஒரே பக்கத்தில் எழுதும் வாய்ப்பும் ஒருங்குறியால் எளிதாயிற்று.

எழுத்துருவுக்கு அலைய வேண்டா. விண்டோசுடன் வரும் நிர்மலாவும், விலையின்றிக் கிடைக்கும் நோட்டோவும் ஆய்வேட்டுக்குப் போதும்.

அடுத்து, எழுதுவதற்கான மென்பொருள். விலையுயர்ந்த அலுவலகத் தொகுப்பின் களவுப்படியைக் கடைக்காரர் அன்பளிப்புப்போல் போட்டுத் தருவது வழக்கம். பொருளைக் களவாடுவதற்கும் இதற்கும் நாம் வேறுபாடு காணவில்லை. களவுப்பூட்டைத் திறக்கும் சிறுநிரல்களோடு நச்சுநிரலும் நுழைவதுண்டு. 2010 இல் தோன்றிய லிப்ரே ஆபீஸ் முற்றிலும் விலையற்றது. அடிக்குறிப்பும் பொருளடக்கமும் அதில் செவ்வனே அமையும். மற்றவர் கேட்கும் வேர்டு வடிவிலும் சேமித்துத் தரும். ஆய்வு மாணவராயின் துணைநூற்பட்டியலுக்குச் சோட்டெரோ என்னும் இலவச மென்பொருளையும் சேர்த்துக்கொள்க. நச்சுத்தடுப்புக்கு விண்டோசில் உள்ளதே போதுமானது. புதுப்பிப்புகளை மட்டும் தள்ளிப்போடலாகாது. விண்டோஸ் 10 க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. மேல்நிலைக்கு மாற்ற இயலாத பழைய கணினி வைத்திருப்போர் உபுண்டு போன்ற லினக்ஸ் முறைமையை நிறுவலாம். தமிழ் 99 அதிலும் உண்டு.

எஞ்சுவது படியெடுத்தல். பி.டி.எப். மட்டும் இருந்தால் போதுமென எண்ணுதல் தவறு. அதிலிருந்து தமிழைப் படியெடுக்கையில் எழுத்துகள் இடம்மாறுவதுண்டு. எழுதிய மூலக்கோப்பையே காத்தல் வேண்டும். ஒரு படி கணினியில், ஒன்று பென்டிரைவில், ஒன்று வீட்டுக்கு வெளியே. கூகுள் கணக்குடன் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிகாபைட் இடம் மூன்றாவதற்குத் தாராளம். அவ்விடத்தில் நம் ஆய்வேட்டின் திருந்திய படி இப்போது இருக்கிறது. அலமாரிக் குறுந்தகட்டைச் சென்ற மாதம் எடுத்து இட்டுப் பார்த்தோம். அது திறக்கவில்லை.