ஒற்றைக்கல் மோதிரத்துக்கு எது முதலில்?

வைரத்தின் தரத்தை நான்கு வகையில் பார்ப்பார்கள்: கட், நிறம், தூய்மை, எடை. நகைக்கடையில் நான்கையும் பற்றி விளக்குவார்கள். எதை விட்டுக்கொடுக்கலாம் என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். நம் கையில் இருக்கும் பணத்துக்கு நான்கிலும் உச்சம் கிடைக்காது என்பதால், நமக்குத் தெரிய வேண்டியதே அதுதான். அண்ணன் மகளின் நிச்சயதார்த்தத்துக்கு ஒற்றைக்கல் மோதிரம் வாங்க அவளோடு தி. நகர் கடைகளில் ஏறி இறங்கியதில் எனக்குப் பிடிபட்ட வரிசை இது.

தோட்டுக் கணக்கு வேறு

நம் வீடுகளில் வைரம் என்றால் முதலில் ஏழு கல் தோடு, அப்புறம் மூக்குத்தி. அதில் பழகியவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "தோஷம் இல்லாத கல்தானே?" இந்தக் கவலை ரொம்பப் பழையது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் மதுரையின் ரத்தினக் கடைவீதி வரும் இடத்திலேயே காக்கைக் கால் போன்ற கீறல், கறை, புள்ளி, கோடு என்று வைரத்துக்கு ஆகாத குற்றங்களும் வந்துவிடுகின்றன. இன்றைக்கும் நம்மூர்க் கடைகளில் முதலில் எடுத்து வைப்பது 'ஈ-எஃப் நிறம், வி.வி.எஸ். தூய்மை' கல்லைத்தான்.

தோட்டுக்கு நிறம் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது. ஏழு கல்லும் ஒன்றையொன்று ஒட்டி உட்காருகின்றன. ஒரு கல்லில் லேசாக மஞ்சள் தட்டினாலும் பக்கத்துக் கல் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒற்றைக்கல் மோதிரத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட இன்னொரு கல் கிடையாது. நிறத்துக்கும் தூய்மைக்கும் கொட்டும் பணத்தில் ஒரு பங்கை அங்கிருந்து எடுத்துக் கண்ணுக்குத் தெரிகிற விஷயத்தில் போடலாம்.

கட்: இதில் மட்டும் சமரசம் வேண்டாம்

அந்தக் கண்ணுக்குத் தெரிகிற விஷயம் கட். நிறமும் தூய்மையும் மண்ணுக்குள்ளேயே முடிவாகிவிடுகின்றன. ஒளி எப்படித் திரும்பி வர வேண்டும் என்பதைப் பட்டை தீட்டுகிறவர் முடிவு செய்கிறார். வட்டக் கல்லில் 57 அல்லது 58 பட்டைகள் இருக்கும். அவற்றின் கோணங்கள் எப்படி அமைந்தால் ஒளி வீணாகாமல் மேலே திரும்பும் என்று 1919-ல் மார்செல் டோல்கோவ்ஸ்கி கணக்குப் போட்டுக் காட்டினார். அடிப்பகுதி அதிக ஆழமாக இருந்தால் கல்லின் நடு இருண்டுவிடும். ஆழம் போதாவிட்டால் ஒளி கீழே கசிந்து கல் சப்பென்று தெரியும்.

ஒரு கடையில் இரண்டு அரை கேரட் கற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். ஆய்வக அறிக்கைப்படி நிறத்திலும் தூய்மையிலும் உயர்ந்த கல்லைப் பார்த்துத்தான் அண்ணன் மகள், "இது ஏன் அத்தை செத்த மாதிரி இருக்கு?" என்று காதோரம் கேட்டாள். அறிக்கையில் கட் 'குட்' என்றிருந்தது. இரண்டு படி மஞ்சளான மற்ற கல் 'எக்ஸலண்ட்'. அதைத் திருப்பத் திருப்ப ஒளி தெறித்தது.

கடை விளக்குகளுக்கு அடியில் எந்தக் கல்லும் ஜொலிக்கும். கல்லை வாசல் பக்கம் பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோங்கள். பிறகு கையால் நிழல் கட்டிப் பாருங்கள். நிழலிலும் உயிரோடு இருந்தால் நல்ல கட். வட்டக் கல்லுக்கு அறிக்கையில் கட், பாலிஷ், சிமெட்ரி மூன்றும் 'எக்ஸலண்ட்' என்றிருந்தால் கடைக்காரர்கள் 'ட்ரிபிள் எக்ஸ்' என்பார்கள். ஓவல், பேர் போன்ற வடிவங்களுக்கு ஜி.ஐ.ஏ. ஆய்வக அறிக்கையில் பொதுவாக கட் தரம் இருக்காது. அங்கே நம் கண்தான் அறிக்கை.

எடையை மில்லிமீட்டரில் கேளுங்கள்

ஒரு கேரட் என்பது 200 மில்லிகிராம், அதாவது 100 சென்ட். விலை சீராக ஏறுவதில்லை. 50 சென்ட், ஒரு கேரட் போன்ற முழு எண்களில் குதிக்கும். நன்றாக வெட்டிய அரை கேரட் வட்டக் கல்லின் விட்டம் சுமார் 5.1 மி.மீ.; 45 சென்ட் கல்லுக்குச் சுமார் 5 மி.மீ. விரலில் போட்டால் இந்த வித்தியாசம் யாருக்கும் தெரியாது. பில்லில் தெரியும். ஆழமாக வெட்டிய கல் தன் எடையை அடியில் ஒளித்துக்கொண்டு மேலே சின்னதாகத் தெரியும். அதனால் "எத்தனை சென்ட்?" என்பதோடு "எத்தனை எம்.எம்.?" என்றும் கேளுங்கள்.

நிறம்: தங்கத்தோடு சேர்த்து

நிற வரிசை டி-யில் தொடங்கி இசட் வரை போகிறது. டி, ஈ, எஃப் மூன்றும் நிறமற்றவை. ஜி முதல் ஜே வரை ஏறக்குறைய நிறமற்றவை. பிளாட்டினத்திலோ வெள்ளைத் தங்கத்திலோ பதிப்பதானால் ஜி, ஹெச் வரை போகலாம். மஞ்சள் தங்கம் என்றால் ஐ, ஜே கூடச் சிரமம் தராது. உலோகத்தின் மஞ்சளே கல்லின் மேல் விழுகிறது. வைரத்தைக் கவிழ்த்து வெள்ளைத் தாளில் வைத்துப் பக்கவாட்டில் பார்த்தால் நிறம் தெளிவாகத் தெரியும். பதிப்பதற்கு முன் பார்ப்பது உத்தமம்.

'ப்ளூ ஜாகர்' என்று யாராவது புகழ்ந்தால் நிதானியுங்கள். தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கக் கற்களுக்கு வந்த பெயர் அது. சுரங்கம் 1971-லேயே மூடப்பட்டுவிட்டது. இன்று புறஊதா ஒளியில் நீலமாக ஒளிரும் எந்தக் கல்லையும் அப்படிச் சொல்லி விற்பவர்கள் உண்டு. அறிக்கையில் 'ஃப்ளோரசன்ஸ்' என்ற வரியைப் பாருங்கள். லேசான ஒளிர்வால் கெடுதல் இல்லை; மிக வலுவாக இருந்தால் வெயிலில் கல் பால் கலந்தாற்போல் மங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

தூய்மை: புள்ளி எங்கே இருக்கிறது?

தூய்மைத் தரம் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்துச் சொல்வது. வி.வி.எஸ்.-க்குக் கீழே வரும் வி.எஸ்.2 கல்லில் வெறும் கண்ணுக்குப் பொதுவாக எதுவும் தெரியாது. அதற்கும் கீழான எஸ்.ஐ.1-லும் பல கற்கள் தேறும், ஆனால் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். தரத்தைவிடக் குறை இருக்கும் இடம் முக்கியம். மேல்தளத்தின் நடுவில் கரும்புள்ளி வேண்டாம். ஓரத்தைத் தொடும் வெடிப்பும் வேண்டாம். மோதிரம் பாத்திரத்திலும் கதவிலும் இடிபடும் நகை, வைரம் கடினமானதே தவிர உடையாதது இல்லை. கல்லைப் பிடிக்கும் உலோக நகத்துக்கடியில் மறையும் ஓரப் புள்ளியால் தொல்லை இல்லை.

வீட்டுப் பெரியவர்கள் வைரம் ஒத்துக்கொள்கிறதா என்று சில நாள் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். நான் வாதாடுவதில்லை. கடை அனுமதித்தால் அந்த நாட்களில் வீட்டு டியூப் லைட்டிலும் மாலை வெளிச்சத்திலும் கல்லைப் பார்த்துக்கொள்ளலாம்.

வாங்கும்போது

நாங்கள் எடுத்தது 45 சென்ட், எக்ஸலண்ட் கட், ஹெச் நிறம், வி.எஸ்.2, 18 கேரட் மஞ்சள் தங்கத்தில் ஆறு நகங்கள். நான்கு நகத்தில் ஒன்று தளர்ந்தால் கல்லுக்கே ஆபத்து. நகங்கள் புடவைத் தலைப்பில் மாட்டுகிறதா என்று கடையிலேயே உரசிப் பாருங்கள்.

ஜி.ஐ.ஏ., ஐ.ஜி.ஐ. போன்ற ஆய்வகங்களின் அறிக்கை எண்ணை அவர்கள் இணையதளத்தில் சரிபாருங்கள். கல்லின் விளிம்பில் அதே எண் லேசரில் பொறித்திருந்தால் லென்ஸில் காட்டச் சொல்லுங்கள். ஆய்வகத்தில் வளர்த்த வைரமும் வைரம்தான், விலை மிகக் குறைவு. ஆனால் மறுவிற்பனையை நம்பி வாங்காதீர்கள். பேனா போன்ற சாதாரண டெஸ்டர் அதையும் மண்ணில் எடுத்த வைரத்தையும் பிரித்துக் காட்டாது, அறிக்கைதான் காட்டும்.

பில்லில் கல்லின் எடை தனியாகவும் தங்கத்தின் நிகர எடை தனியாகவும், மோதிரத்தில் 750 ஹால்மார்க் முத்திரையும் ஹெச்.யு.ஐ.டி. எண்ணும் இருக்க வேண்டும். திருப்பிக் கொடுத்தால் எத்தனை சதவீதம், மாற்றினால் எத்தனை சதவீதம் என்பதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். "வி.வி.எஸ். இல்லையா?" என்று அண்ணன் முகம் சுளித்தபோது, அதற்கான பணத்தில்தான் இந்தக் கட் வந்தது என்றேன். அவர் லென்ஸை வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, பில் போடச் சொன்னார்.