சாயத் தண்ணீருக்கு வெயில் வைத்தியம்

நொய்யல் கரையோரத்திலிருந்து கைக்குழந்தையோடு ஓர் அம்மா வந்திருந்தார். "கிணத்துத் தண்ணி லேசா செவப்பா வருதுங்க. தேத்தாங்கொட்டை உரசி ஊத்திக் குடிக்கலாமுங்களா?" என்றார்.

வேண்டவே வேண்டாம் என்றேன். தேற்றான்கொட்டை கலங்கலைத்தான் தெளிய வைக்கும். கரைந்துபோன சாயத்தையும் உப்பையும் அது தொடாது. காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட உப்புதான் கூடும். சித்த வைத்தியரே இப்படிச் சொல்கிறாரே என்று ஒரு மாதிரி பார்த்தார்!

சரி, சாயத்தை எதுதான் உடைக்கும்? வெயில். ஆனால் வெறும் வெயில் போதாது. வெளுக்கக் கூடாது என்றுதானே சாயத்தையே தயாரிக்கிறார்கள்? கூட ஒரு துணை வேண்டும். வெள்ளை பெயின்டில் இருக்கிறதே டைட்டானியம் டை ஆக்சைடு, அதுதான் துணை. புற ஊதா ஒளி பட்டால் இது தண்ணீரையே பிரிக்கும் என்று 1972-ல் ஜப்பானின் ஃபூஜிஷிமா, ஹோண்டா இருவரும் எழுதினார்கள். ஒளி பட்டதும் அந்தத் துகளில் ஓர் எலெக்ட்ரான் எழும்பும். அது இருந்த இடம் காலியாகும். அந்தக் காலியிடம் தண்ணீரிலிருந்து ஹைட்ராக்சில் என்னும் முரட்டு ஆளை உண்டாக்கும். அவன் சாயத்தைத் துண்டு துண்டாக வெட்டுவான். முழுசாக வெட்டினால் பெரும்பாலும் கரியமில வாயுவும் தண்ணீரும்தான் மிச்சம். தூள் செலவாகாது, வடித்தெடுத்து மறுபடி போடலாம். நம் நாக பற்பத்தில் இருக்கும் துத்தநாக ஆக்சைடும் இதே வேலையைச் செய்யும் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு!

ஆனால் நிறம் போச்சு, விஷமும் போச்சு என்று நினைத்துவிடாதீர்கள். அரைகுறையாக உடைந்த துண்டுகள் கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீரிலேயே இருக்கும். பென்சிடின் வகைச் சாயங்கள் உடலுக்குள் போய் உடைந்தால் வரும் பென்சிடின், மூத்திரப்பையில் புற்றை உண்டாக்கும். தவிர, வெயிலில் புற ஊதாவின் பங்கு நூற்றுக்குச் சுமார் 5 தான். அடர்ந்த சாயத் தண்ணீருக்குள் அந்த வெளிச்சமும் இறங்காது.

உப்போ அப்படியே நிற்கும். பருத்திக்குச் சாயம் ஏற உப்பைக் கொட்டுகிறார்கள் அல்லவா? விதிப்படி நடக்காத திருப்பூர் சாயப்பட்டறைகளை 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. அதன்பிறகு உப்பைப் பிரிக்க சவ்வு வடிகட்டியும் ஆவியாக்கும் கருவியும்தான் கைகொடுத்தன. வெயில் தூள் அல்ல.

ஆகவே அந்தத் தூளை வாங்கி வீட்டுத் தொட்டியில் போட்டுப் பார்க்காதீர்கள். அந்த அம்மாவிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். குடிக்க, கஞ்சி வைக்க, பால் கரைக்க அந்தக் கிணறு வேண்டாம். பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரை எடுங்கள். கிணற்றுத் தண்ணீரைச் சுத்தமான பாட்டிலில் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கொடுங்கள்.