கடைசி மாதங்களில் ஒரு மீட்பு நாய்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

அடிபட்ட குட்டியைத் தூக்கிவரத் தெருவே ஓடும். பன்னிரண்டு வயதாகி, சிறுநீரகமும் பழுதான நாய்க்கு ஆள் கிடைப்பது அபூர்வம். தத்துக்குப் போகாது, படத்தில் அழகாக விழாது, செலவு வைக்கும், பிறகு செத்தும் போகும். காப்பகங்களில் பின்வரிசைக் கூண்டுகளில் கிடப்பவை பெரும்பாலும் இவைதாம். நோய் வந்ததும் யாரோ கேட்டில் கட்டிவிட்டுப் போன லாப்ரடார், குட்டி போடுவது நின்றதும் வியாபாரி கழித்துவிட்ட ஜெர்மன் ஷெப்பர்ட், கண் மங்கிப்போன நாட்டு நாய்.

அவற்றில் ஒன்றைக் கடைசிவரை பார்த்துக்கொள்ள நீங்கள் முன்வந்தால், ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீட்பு வேலையில் கை தேர்ந்தவர்களுக்குத்தான் இது அதிகம் கஷ்டம். எப்படியாவது உயிரைப் பிடித்து இழுத்துவிடுவது அங்கே கெட்டிக்காரத்தனம். இங்கே அந்தப் பழக்கமே நாயைப் படுத்தும். இன்றைய பொழுது அதற்கு எப்படிக் கழிந்தது என்பதை மட்டும் கேட்கப் பழக வேண்டும். கீழே உள்ளவை எல்லாம் அந்தக் கேள்வியிலிருந்து வந்தவை.

செய்ய வேண்டியவை

சாகக் கிடக்கிறது என்று முடிவு கட்டுமுன் நோயை உறுதி செய்யுங்கள். தெரு நாயின் தோற்றம் ஏமாற்றும். பிறப்புறுப்பில் காலிபிளவர் போலக் கட்டி வளர்ந்து ரத்தம் சொட்டும் நாயைப் பார்த்ததும் புற்றுநோய், இனி அவ்வளவுதான் என்று கைவிடுகிறார்கள். இனச்சேர்க்கையில் பரவும் அந்தக் கட்டி, வாரம் ஒரு வின்கிரிஸ்டின் ஊசி என்று நாலைந்து வாரம் போட்டால் பெரும்பாலும் கரைந்து மறைந்துவிடும். சொறி முற்றிய இரண்டு வயது நாய் பத்து வயதுக் கிழம் போல இருக்கும். உண்ணிக் காய்ச்சலில் வெளுத்துத் துவண்ட நாய் டாக்சிசைக்ளினில் எழுந்து நடக்கும். சோறே வேண்டாம் என்று திரும்பிக்கொள்ளும் கிழ நாய்க்குச் சில நேரம் இரண்டு சொத்தைப் பற்களைப் பிடுங்கினால் போதும். ஆகவே ரத்தப் பரிசோதனை, ஒரு ஸ்கேன், வாயைத் திறந்து பார்ப்பது, இவ்வளவும் முதலில். தனியார் மருத்துவமனைச் செலவு கட்டுப்படியாகாதவர்களுக்குச் சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கல்லூரிகளும் உண்டு.

வலியைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். தெருவில் பிழைத்த நாய் வலியை வெளியே காட்டாது. காட்டினால் மற்ற நாய்கள் துரத்திவிடும் என்பது அதன் அனுபவம். கத்தினால்தான் வலி என்று நீங்கள் காத்திருந்தால் கடைசிவரை தெரியாது. வெயில் இல்லாத நேரத்திலும் இரைப்பது, படுக்க இடம் பார்த்துப் பார்த்துச் சுற்றுவது, ஒரே மூட்டை நக்கிக்கொண்டே இருப்பது, படி முன்னால் வந்து தயங்கி நிற்பது, தொட்டதும் உடம்பு விறைப்பது, ராத்திரி தூங்காமல் எழுந்து எழுந்து உட்கார்வது: இவை எல்லாம் வலியாக இருக்கலாம். சுவரைப் பார்த்தபடி நிற்பதும், கதவின் பின்புறம் சிக்கிக்கொண்டு திரும்பத் தெரியாமல் விழிப்பதும், பகலும் இரவும் மாறிப்போவதும் மூளைத் தளர்ச்சியின் குறிகள். இரண்டுக்கும் மருந்து வேறு. கைபேசியில் படம் பிடித்து மருத்துவரிடம் காட்டுங்கள். மேசைமேல் ஏற்றியதும் எந்த நாயும் பயத்தில் நன்றாகத்தான் நிற்கும்.

தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள். நெஞ்சு ஏறி இறங்குவது ஒரு மூச்சு. நிமிடத்துக்கு முப்பதுக்கு மேல் தொடர்ந்து போனால், அதுவும் இதய நோயுள்ள நாய் என்றால், மறுநாள்வரை காத்திருக்க வேண்டாம்.

தரையைக் கவனியுங்கள். நம் வீடுகளில் போட்டிருக்கும் வழவழப்பான டைல்ஸ் மூட்டு தேய்ந்த நாய்க்குப் பெரும் பகை. ஒருமுறை வழுக்கி விழுந்த நாய் அதற்குப் பிறகு தண்ணீர்க் கிண்ணத்துக்குக்கூடப் போகாது. நடக்கும் வழி முழுக்கச் சாக்கையோ ரப்பர் பாயையோ விரித்துவிட்டால் மருந்துக்கு முன்னால் பாதி வேலை முடிந்தது. பின்னங்கால் எழாத நாய்க்கு ஒரு துண்டை வயிற்றுக்கடியில் கொடுத்துத் தூக்கி நடத்துங்கள்.

படுத்த படுக்கையாகிவிட்டதா? இரண்டிலிருந்து நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போடுங்கள். இடுப்பு எலும்பும் தோள்பட்டையும் முழங்கையும்தான் முதலில் புண்ணாகும். தடித்த மெத்தை, அதன்மேல் குழந்தைக்குப் போடும் ரப்பர் ஷீட், அதன்மேல் பழைய பருத்திப் புடவை. புடவை போல உறிஞ்சுவதும் காய்வதும் வேறு எதுவும் இல்லை. முதுகெலும்பு அடிபட்டுச் சிறுநீர் கழிக்க முடியாத நாய்க்குச் சிறுநீர்ப்பையை அமுக்கி வெளியேற்ற வேண்டும், பொதுவாக நாளைக்கு மூன்று முறையாவது. இதைப் படித்துக் கற்க முடியாது. மருத்துவர் உங்கள் கையைப் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

கொசுவலை கட்டுங்கள். கொசுவைவிட ஈக்காக. நம் ஊர் வெப்பத்தில் ஈரமான புண்ணிலோ மலம் ஒட்டிய ரோமத்திலோ ஈ முட்டையிட்டால் ஒரு நாளுக்குள் புழு வந்துவிடும். படுத்த நாய்களை நோயைவிட விரைவாகச் சீரழிப்பது இந்தப் புழுதான். வால் அடியையும் தொடை இடுக்கையும் ரோமம் கத்தரித்து வைத்து, காலையும் மாலையும் விரலால் தடவிப் பாருங்கள். புழு கண்டால் பெட்ரோல், மண்ணெண்ணெய், ஃபினாயில் ஊற்றும் வழக்கத்தை மறந்துவிட்டு, கால்நடை மருந்துக் கடையில் அதற்கென்றே விற்கும் ஸ்பிரேயை வாங்குங்கள்.

உணவை லேசாகச் சூடாக்கிக் கொடுங்கள். வாசனை கிளம்பினால் பாதி நாய்கள் தின்றுவிடும். என்ன கொடுப்பது என்பது நோயைப் பொறுத்தது. சிறுநீரக நாய்க்கு ஈரலும் எலும்பும் ஆகாது, அவற்றில் பாஸ்பரஸ் அதிகம். அதற்கு முட்டையின் வெள்ளைக்கரு நல்லது. இதய நாய்க்கு உப்பு பிஸ்கட், கருவாடு ஆகாது. ஆனால் நாட்கணக்குத்தான் பாக்கி என்று மருத்துவர் சொல்லிவிட்ட பிறகு பத்தியம் எதற்கு? கருவாடு கேட்டால் கருவாடு கொடுங்கள். வெங்காயம், திராட்சை, சாக்லேட் மட்டும் அப்போதும் வேண்டாம், அவை புதிதாக ஒரு வேதனையைத் தரும்.

தெரு நாயைத் தெருவிலேயே பார்த்துக்கொள்ள முடியுமா என்று யோசியுங்கள். இதில் மீட்பாளர்கள் பலர் என்னோடு சண்டைக்கு வருவார்கள். பத்து வருடம் ஒரு டீக்கடை பெஞ்சுக்கடியில் படுத்த நாய்க்கு அந்த மூலைதான் வீடு. அங்கே அதற்குப் பெயர் உண்டு, பன் போடும் கை உண்டு, எந்த நேரம் எந்தப் பக்கம் நிழல் விழும் என்பது தெரியும். கடைசி இரண்டு மாதத்துக்கு அதைப் பிடித்துக் காப்பகத்தில், நூறு நாய்கள் குரைக்கும் இடத்தில், அடைப்பது நமக்குத்தான் ஆறுதல். நடக்க முடிகிறது, வண்டி ஆபத்து இல்லை, தெருக்காரர்கள் ஒத்துக்கொள்கிறார்கள் என்றால், மாத்திரையைச் சோற்று உருண்டையில் வைத்துக் கொடுக்க அந்தக் கடைக்காரருக்கே கற்றுக்கொடுங்கள். மழைக்கு ஒரு தார்ப்பாய், குளிருக்கு ஒரு சாக்கு, அவசரத்துக்கு ஒரு கைபேசி எண். மனிதர்களுக்கான நோய்த்தணிப்புப் பராமரிப்பிலும் 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய அமைப்பின் வழியில் வளர்ந்த இயக்கம், அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்களை நம்பித்தான் கேரளமெங்கும் பரவியது. தெருவில் இன்னும் எளிது. நாய்க்கு அங்கே உறவுக்காரர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள்.

எழ முடியாத நாய்க்கும், புழு வைத்த நாய்க்கும் இது பொருந்தாது. அவற்றை உள்ளே கொண்டுவரத்தான் வேண்டும். அப்போதும் மூடிய ஏசி அறையில் போடாதீர்கள். கூரைக்கடியில் வாழ்ந்திராத நாய்க்கு வாசற்படி தெரியும் திண்ணையோ போர்ட்டிகோவோ தான் நிம்மதி.

ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். புற்றுநோய் நாய்களைப் பார்த்த அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004-இல் ஒரு மதிப்பெண் முறையை வகுத்தார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்பது, ஆக ஏழு தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். மூச்சுத் திணறலையும் அவர் வலியிலேயே சேர்க்கிறார். எழுபதுக்கு 35-க்கு மேல் இருந்தால் பராமரிப்பைத் தொடரலாம் என்பது அவர் கணக்கு. எண்ணை வேதவாக்காக எடுக்க வேண்டாம். தினமும் எழுதுவதில்தான் பயன். தினம் பார்க்கும் கண்ணுக்குச் சரிவு தெரியாது, மூன்று வாரப் பக்கங்களைப் புரட்டினால் தெரிந்துவிடும்.

உங்கள் உடம்பையும் காத்துக்கொள்ளுங்கள். மீட்பு நாயின் தடுப்பூசி வரலாறு பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. விழுங்க முடியாமல் எச்சில் ஒழுக்கும் நாயின் வாயில், தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கும் என்று கையை விடாதீர்கள். அது ரேபிஸாகவும் இருக்கலாம். இந்த வேலையில் இறங்குபவர்கள் கடிபடுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளும் தடுப்பூசியைப் போட்டுக்கொள்வது நல்லது. கடித்தால் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சிறுநீர் துடைக்கக் கையுறை அவசியம், எலிக்காய்ச்சல் அந்த வழியில் வரும்.

செய்யக்கூடாதவை

நம் வீட்டு மாத்திரையைக் கொடுக்காதீர்கள். புரூஃபன், டைக்ளோஃபினாக் இரண்டும் நாயின் குடலில் புண் வைத்து, சிறுநீரகத்தையும் கெடுக்கும். டைக்ளோஃபினாக்கைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவதை இந்தியா 2006-இல் தடை செய்தது பிணந்தின்னிக் கழுகுகளைக் காப்பதற்காக. நாயின் வயிற்றுக்கும் அந்தத் தடை நல்லதே. பாரசிட்டமாலும் மருத்துவர் அளவு சொல்லாமல் கூடாது. நாய்களுக்குத் தரும் மெலாக்சிகாமைக்கூட, அரிப்புக்கென்று ஏற்கெனவே ஸ்டீராய்டு போய்க்கொண்டிருக்கும்போது சேர்த்துக் கொடுத்தால் குடல் ஓட்டையாகிவிடக்கூடும். ஆகவே இரண்டு மருத்துவர்களிடம் காட்டினால் இரண்டு சீட்டையும் இருவருக்கும் காட்டுங்கள்.

படுத்திருக்கும் நாயின் வாயில் சிரிஞ்சால் கஞ்சி ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாயில் இறங்கினால் நிமோனியா. நாயை நிமிர்த்தி, தலை இயல்பான உயரத்தில் இருக்க, கன்னத்து ஓரமாகச் சொட்டுச் சொட்டாகத்தான் விட வேண்டும். விழுங்கவில்லை என்றால் அதோடு நிறுத்துங்கள். கடைசி நாட்களில் பசி அடங்குவது இயற்கை. ஒரு வாய் சோறாவது இறங்கட்டும் என்ற நம் தவிப்பு நம்முடையது. உதட்டை நனைத்துக்கொண்டிருந்தால் போதும்.

தினம் தினம் டிரிப்ஸுக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். ஆட்டோ, வெயில், வரிசை, மற்ற நாய்களின் குரைப்பு என்று அரை நாள் அலைச்சலில் கிடைக்கும் தெம்பு திரும்பும் வழியிலேயே போய்விடும். சிறுநீரக நாய்க்குத் தோலுக்கடியில் சலைன் ஏற்றுவதை மருத்துவரிடம் கற்று, அவர் சொன்ன அளவில் வீட்டிலேயே செய்யலாம். இதய நாய்க்கு அதே சலைன் நுரையீரலில் நீர் கோத்து ஆபத்தாகும். கேட்காமல் ஏற்றக் கூடாது.

கண்ணும் காதும் போன நாயைத் தூக்கத்தில் தொட்டு எழுப்பாதீர்கள். திடுக்கிட்டால் பரம சாதுவும் கடிக்கும். பக்கத்தில் தரையைக் காலால் தட்டுங்கள், அதிர்வு போய்ச் சேரும். (செவிட்டு நாய்களுக்கு ஒரு லாபமும் உண்டு. தீபாவளி அன்று ஊரில் நிம்மதியாகத் தூங்குவது பெரும்பாலும் அவைதாம்.) வீட்டுச் சாமான்களை இடம் மாற்றி வைக்கவும் வேண்டாம்.

நாற்றம் அடிக்கிறது என்று முழுக்கக் குளிப்பாட்டாதீர்கள். வெதுவெதுப்பான ஈரத் துணியால் துடைத்து, உடனே உலர்த்துங்கள்.

சுறுசுறுப்பான இளம் நாய்களோடு ஒரே அறையில் விடாதீர்கள். விளையாட்டில் ஒரு மோதல் போதும்.

புண்ணும் புழுவுமாகப் படம் எடுத்து நிதி கேட்காதீர்கள். பணம் வரும், மறுக்கவில்லை. ஆனால் கொடுத்தவர்கள் குணமான படத்தை எதிர்பார்ப்பார்கள். அந்த எதிர்பார்ப்புக்காக இன்னொரு அறுவை சிகிச்சை, இன்னொரு ஊசி என்று நாயை இழுத்தடிக்கும் நிலை வந்துவிடும். இது பிழைக்காது, நிம்மதியாக இருக்க உதவுங்கள் என்று முதலிலேயே எழுதிக் கேளுங்கள். குறைவாகத்தான் வரும்.

கருணைக்கொலையைப் பாவம் என்றும் தள்ளாதீர்கள், வசதிக்காகவும் கேட்காதீர்கள். திருமணத்துக்கு ஊருக்குப் போகிறோம், முடித்துவிடுங்கள் என்று வருபவர்களும் உண்டு. மூச்சுக்காக வாயைப் பிளந்து தவிக்கும் நாயை, தானாகப் போகட்டும் என்று மூன்று நாள் பார்த்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு. தானாக வரும் சாவு எல்லாம் அமைதியானது அல்ல. சிறுநீரகம் முற்றாக நின்றால் வாந்தியும் வலிப்புமாக இருக்கும், நுரையீரலில் நீர் கோத்தால் மூழ்குவது போல. எந்தக் கட்டம் வந்தால் நிறுத்துவது என்பதை நாய் நன்றாக இருக்கும் ஒரு நாளில் மருத்துவரோடு பேசி நோட்டில் எழுதிவிடுங்கள். நள்ளிரவில் அழுதுகொண்டு எடுக்கும் முடிவு இரண்டு பக்கமும் தப்பாகப் போகும். ஊசியை மருத்துவர்தான் போட வேண்டும். முதலில் மயக்க மருந்து, அது ஆழ்ந்த பிறகே கடைசி ஊசி என்று கேட்டு வாங்குங்கள். இன்னொரு நாயின் கண்ணெதிரில் செய்யக்கூடாது என்று 2001-ஆம் ஆண்டின் நாய் இனக்கட்டுப்பாட்டு விதிகளிலேயே இருந்தது.

சக்திக்கு மீறி எடுக்காதீர்கள். படுத்த நாய் ஒன்று என்றால் ஒரு ஆளின் நாள் முழுவதும் போய்விடும். இரண்டாவதற்கு முடியாது என்று சொல்லத் தெரிந்தவர்தான் இந்த வேலையில் பல வருடம் நீடிக்கிறார்.

மிச்ச மருந்தை அடுத்தவர் நாய்க்குத் தூக்கிக் கொடுக்காதீர்கள். டிரமடால் போன்ற வலி மருந்துகள் 2018 முதல் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகின்றன. மருத்துவரிடமே ஒப்படையுங்கள்.

ஊசி போட்டு இறந்த நாயை மேலாகப் புதைக்கவோ குப்பைமேட்டில் போடவோ வேண்டாம். அந்த மருந்து உடலிலேயே தங்கும். தோண்டித் தின்னும் காக்கை, பருந்து, தெரு நாய் எதுவானாலும் மயங்கிச் சாகும். மாநகராட்சியிடமோ காப்பகத்திடமோ எரியூட்டும் வசதி இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்து, அந்த எண்ணையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். சொந்த இடத்தில் புதைப்பதானால் குறைந்தது நாலடி ஆழம், கிணற்றிலிருந்து தள்ளி, மேலே கனமான கல்.