முத்துவுக்கு வேர்க்கடலை ஆகாது

செல்வி மும்பை தாராவியில் இருக்கிறாள். அவள் மகன் முத்துவுக்கு நான்கு வயது. ஒருநாள் பக்கத்து வீட்டு அக்கா அவனுக்கு ஒரு துண்டு ரொட்டி கொடுத்தார். அதில் பீநட் பட்டர் தடவியிருந்தது. வறுத்த வேர்க்கடலையை வெண்ணெய் போல அரைத்தால் அதுதான் பீநட் பட்டர்.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. முத்துவின் உதடு வீங்கியது. உடம்பெல்லாம் தடித்தது. வாந்தி எடுத்தான். மூச்சு இழுத்தது.

"சூடாக இருக்கும். மோர் கொடு" என்றார் ஒருவர்.

செல்வி கேட்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அதுதான் அவனைக் காப்பாற்றியது. அங்கே தொடையில் அட்ரினலின் ஊசி போட்டார்கள். மூச்சு சீரானது.

டாக்டர் சொன்னார்: "இது அலர்ஜி, அம்மா. வேர்க்கடலை நல்ல உணவுதான். உங்கள் மகள் சாப்பிடலாம். முத்துவுக்கு மட்டும் ஆகாது. துளி பட்டாலும் ஆபத்து. மறுபடி மூச்சுத் திணறினால் காத்திருக்காதீர்கள். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள்."

"ரொட்டிக்கு வேறு என்ன தடவலாம், டாக்டர்?"

"இதுவரை எது சாப்பிட்டு ஒத்துக்கொண்டது?"

"பொட்டுக்கடலைச் சட்னி. தினமும் சாப்பிடுவான்."

"அதையே கொடுங்கள். இதுவரை சாப்பிடாத முந்திரி, பாதாம், எள் இப்போது வேண்டாம். அவையும் சில பிள்ளைகளுக்கு ஆகாது. பரிசோதனை செய்துவிட்டுச் சொல்கிறேன்."

தெருமுனையில் வண்டிக்காரர் பொட்டுக்கடலை விற்கிறார். செல்வி நின்று பார்த்தாள். அதே சட்டியில், அதே மணலில்தான் வேர்க்கடலையும் வறுபடுகிறது! வாங்காமல் திரும்பினாள்.

கடைக்காரர் பாதாம் பட்டர் புட்டியைக் காட்டினார். மகள் ஆறாவது படிக்கிறாள். பொடி எழுத்தைப் படித்தாள். "இதிலும் பீநட் இருக்கலாம் என்று போட்டிருக்கு, அம்மா." உணவில் சேர்த்திருக்கும் அலர்ஜி தரும் பொருள்களை அச்சிட வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டு விதி இருக்கிறது. ஆனால் எழுத்து பெரும்பாலும் ஆங்கிலம் அல்லது இந்தி. பீநட், கிரவுண்ட்நட், மூங்ஃபலி மூன்றும் வேர்க்கடலைதான். கடலை மாவு வேறு. அது கடலைப்பருப்பு மாவு.

கடைசியில் வேர்க்கடலை கலக்காத பொட்டுக்கடலை பாக்கெட் கிடைத்தது. அக்காவின் மிக்சியை வாங்கினாள். அதில் வேர்க்கடலை அரைப்பதுண்டு. அதனால் ஜாரை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினாள். பொட்டுக்கடலையை நைசாகப் பொடித்தாள். வெல்லத்தூளும் உருக்கிய நெய்யும் விட்டுக் குழைத்தாள். முத்து விரலை நக்கினான்.

இனி அங்கன்வாடிதான் கவலை. மும்பையில் ஜவ்வரிசிக் கிச்சடியிலும் வேர்க்கடலைத் தூள் போடுவார்கள். வெளியே யார் என்ன கொடுப்பார்களோ! செல்வி நோட்டில் ஒரு தாளைக் கிழித்தாள். மெதுவாக எழுதினாள்.

"என் மகன் முத்துவுக்கு வேர்க்கடலை ஆகாது. எது கொடுத்தாலும் முதலில் என்னைக் கேளுங்கள். செல்வி."

கீழே மகள் அதையே மராத்தியில் எழுதினாள். அங்கன்வாடி டீச்சர் இரண்டு முறை படித்தார். பிறகு எழுந்து, கீழ்த்தட்டில் இருந்த கடலை மிட்டாய் டப்பாவை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினார்.