வில்லின் நடு: கைப்பிடி செதுக்க ஒரு பாடம்

தென்காசிப் பக்கம் கோவில் கொடைக்குப் போனவங்களுக்கு வில்லுப்பாட்டு புதுசு இல்லை. ஏறக்குறைய 3 மீட்டர் நீள வில், அதில் கோத்த மணிகள், நாணைத் தட்ட வீசுகோல், பக்கத்தில் உடுக்கை, நடுவில் குடம். அடுத்த கொடையில் ஒண்ணு மட்டும் கவனிங்க. நாண் மேலே, மரம் கீழே, வளைவின் நடு குடத்தின் மேல். அந்த வில்லை யாரும் கையில் தாங்குவதில்லை, குடம் தாங்குது. அம்பு எய்யும் வில்லுக்குக் குடம் கிடையாது. அந்த வேலையை உங்க கைதான் செய்யணும். அதுக்காக நடுவில் செதுக்கும் பகுதிதான் கைப்பிடி.

மர வில் செய்யணும்னு ஆரம்பிக்கிற பலர் கைப்பிடியை அழகு சமாச்சாரமா நினைச்சு, கைக்கு வசதியா வர்ற வரைக்கும் ராவித் தள்ளிடுவாங்க. வில் உடையும்போது முகத்துக்கு எதிரேதான் உடையும். அதனால கணக்கைப் பார்த்துட்டு அரத்தை எடுப்போம்.

நடுவில்தான் சுமை அதிகம்

நாண் இழுபடும்போது வில்லின் நுனியில் வளைவுத் திருப்பம் பூஜ்யம். நடுவை நோக்கி வர வர அது கூடும். கைப்பிடியில் உச்சம். ஆனால் அதே இடம்தான் கைக்குள் அடங்கும்படி ஒடுங்கவும் வேணும். அதிகச் சுமை வர்ற இடத்தில் அகலத்தைக் குறைக்கணும். இதுதான் சிக்கல்.

விடை நம்ம 'ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்' பாடத்திலேயே இருக்கு. செவ்வக வெட்டுமுகத்தின் விறைப்பு, அகலம் × தடிமன்³ ÷ 12 என்பதைப் பொறுத்தது. அகலம் பாதியானா விறைப்பும் பாதி. தடிமன் இரண்டு மடங்கானா விறைப்பு 8 மடங்கு. அப்போ அகலத்தில் இழந்ததைத் தடிமனில் மீட்டுக்கலாம்.

வளையும் பக்கத்துக்கு (லிம்ப்) 4.5 செ.மீ. அகலம், 1.5 செ.மீ. தடிமன்னு வெச்சுக்கோங்க. கைப்பிடி 2.5 செ.மீ. அகலம், 4 செ.மீ. தடிமன். சூத்திரத்தில் போட்டா லிம்ப்புக்கு 1.27, கைப்பிடிக்கு 13.3. பார்க்க ஒல்லியா இருக்கிற கைப்பிடி, லிம்ப்பை விட 10 மடங்கு விறைப்பு!

இந்த யோசனை ரொம்பப் பழசு. டென்மார்க்கில் ஹோல்மகார்ட் என்ற சதுப்பு நிலத்தில் 1944-இல் கிடைத்த எல்ம் மர வில், சுமார் 9000 ஆண்டு பழமையானது. அதிலும் லிம்ப் பட்டையா அகலமா இருக்கும், கைப்பிடி ஒடுங்கித் தடிமனா இருக்கும். சூத்திரம் தெரியாத காலத்திலேயே விடை தெரிஞ்சிருக்கு. இதுக்கு நேர்மாறு இங்கிலாந்தின் நீள வில். 1545-இல் மூழ்கிய மேரி ரோஸ் கப்பலிலிருந்து அப்படி 130-க்கும் மேற்பட்ட முழு விற்கள் கிடைச்சிருக்கு. தனியா ஒடுக்கின கைப்பிடி அவற்றில் இல்லை. நடுவும் கொஞ்சம் வளையும். இரண்டும் சரியான வழிதான். நாம இங்கே பார்க்கிறது முதல் வகை.

உடைவது கைப்பிடியில் இல்லை, சரிவில்

4 செ.மீ. தடிமன் எங்கேயோ ஓரிடத்தில் 1.5 செ.மீ. ஆகணும். அந்தச் சரிவுதான் ஆபத்தான இடம். அகலம் 2.5-க்கு ஒடுங்கிய இடத்தில் தடிமன் இன்னும் 1.5-லேயே இருந்தா என்ன ஆகும்? தகைவு, அகலம் × தடிமன்² என்பதற்கு எதிர்விகிதம். லிம்ப்புக்கு 4.5 × 2.25 = 10.1. அந்த இடத்துக்கு 2.5 × 2.25 = 5.6. அதாவது பக்கத்தில் இருக்கிற மரத்தை விட 1.8 மடங்கு தகைவு. அங்கேதான் விரியும்.

அதனால விதி ஒண்ணுதான்: முதலில் தடிமன் கூடணும், அப்புறம்தான் அகலம் குறையணும். இரண்டும் மெதுவாகச் சரியணும். ஷாஃப்ட்டில் படி வர்ற இடத்தில் ஃபில்லட் வைக்கிறோமே, அதே காரணம்தான். திடீர் மூலை இருந்தா தகைவு அங்கே குவியும்.

செய்முறை

1. சுமார் 175 செ.மீ. நீளப் பலகை எடுங்க. மர ரேகை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அறுபடாம நேரா ஓடணும். குறுக்கே ஓடும் பலகை எவ்வளவு அழகா இருந்தாலும் வேண்டாம்.

2. எய்பவரைப் பார்க்கும் பக்கம் வில்லின் வயிறு, எதிர்ப்பக்கம் முதுகு. இழுவை முழுக்க முதுகில். கைப்பிடிக்காக முதுகில் ஒரு கீறல்கூடப் போடக் கூடாது.

3. 20 செ.மீ. நீளம், 2.5 செ.மீ. தடிமன் கட்டை ஒன்றை வயிற்றுப் பக்கம் ஒட்டுங்க. நடு 10 செ.மீ. பிடி, இருபுறமும் 5 செ.மீ. சரிவு. இரண்டு முகமும் இடைவெளி இல்லாம உட்காரும் வரை இழைச்சு, எபாக்சி தடவி, கிளாம்ப் போட்டு ஒரு நாள் விடுங்க.

4. வில்லின் சரிநடு, பிடியின் மேல்விளிம்பிலிருந்து 3 செ.மீ. கீழே வரட்டும். அப்போ அம்பு நடுவை ஒட்டிப் போகும்.

5. முதலில் பக்கவாட்டுத் தோற்றத்தை வரைஞ்சு சரிவை இழைங்க. அது முடிஞ்ச பிறகே மேல்தோற்றத்தை வரைஞ்சு அகலத்தை ஒடுக்குங்க.

6. கடைசியா மர அரத்தால மூலைகளை உருட்டுங்க. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிற பகுதியில்தான் வில் அழுந்தும். அந்த இடம் வழவழன்னு இருந்தா போதும். தடிமன் 4 செ.மீ.க்குக் கீழே இறங்கும் முன்னாடி நிறுத்திடுங்க.

லிம்ப்பை வளைச்சுச் சரிபார்க்கும்போது சரிவின் நுனியைப் பாருங்க. மரம் அங்கேயே மடங்கினா கட்டை பிய்த்துக்கொண்டு வரும். வளைவு அதைத் தாண்டித்தான் தொடங்கணும்.

ஒடுக்குவதில் இன்னொரு லாபம்

அம்பு வில்லின் பக்கவாட்டில்தான் போகுது. 4.5 செ.மீ. அகலப் பிடின்னா நடுக்கோட்டிலிருந்து 2.25 செ.மீ. விலகல். நாணை 70 செ.மீ. இழுத்த நிலையில் கோணம் 1.8 டிகிரிதான். ஆனால் நாண் திரும்பி வந்து பிடிக்கு 15 செ.மீ. தூரத்தில் நிற்கும்போது அதே விலகல் 8.5 டிகிரி! 2.5 செ.மீ. பிடியில் இது 4.8 டிகிரியாகக் குறையும். அம்பு நெளிந்து வில்லைச் சுற்றிப் போகவேண்டிய அளவு குறைந்தால் குறியும் சீராகும்.

சாரல் காலத்தில் ஒட்ட வேண்டாம்

குற்றால சீசன் நமக்குக் கொண்டாட்டம், மரத்துக்கு இல்லை. காற்றின் ஈரப்பதம் 65% இருந்தா மரத்தில் சுமார் 12% ஈரம் நிற்கும். 85% ஆனா 17, 18% வரை ஏறும். ஈர மரம் வளைந்தா வளைந்தபடியே நின்னுடும். ஈரத்தோடு ஒட்டின கட்டை, காய்ந்து சுருங்கும்போது ஒட்டை இழுக்கும். பலகையையும் கட்டையையும் ஒரே அறையில் வெச்சு, வாரம் ஒருமுறை எடை போடுங்க. எடை குறையறது நின்ன பிறகு ஒட்டுங்க.

அம்பு இல்லாம நாணை இழுத்து விடாதீங்க, அந்த விசை முழுக்க மரத்துக்கே திரும்பும். முதல்முறை இழுக்கும்போது கண்ணாடி போட்டுக்கோங்க, எதிரே யாரும் நிற்க வேண்டாம்.

பயிற்சிக் கணக்கு: உங்க கைக்கு 3 செ.மீ. அகலப் பிடிதான் வசதின்னு வெச்சுக்கோங்க. அதே 10 மடங்கு விறைப்பு வேணும்னா தடிமன் எவ்வளவு? கணக்கைப் போட்டு, அட்டையில் வெட்டிக் கையில் பிடிச்சுப் பாருங்க. அட்டை தப்பானா இன்னொண்ணு வெட்டலாம், மரத்தை அப்படி வெட்ட முடியாது.