மேனிக்கு மஞ்சள்: பயனும் பாதுகாப்பும்

காவிரியின் இக்கரையில் குமாரபாளையமும் அக்கரையில் பவானியும் அமைந்துள்ளன. இவ்வட்டாரக் குடியானவர்களுக்கு மஞ்சள் நெடுநாளையப் பணப்பயிர். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. அண்மைக் காலமாக, முதுமைச் சுருக்கங்களைப் போக்கும் என்ற விளம்பரத்துடன் மஞ்சள் கலந்த முகப்பூச்சுகள் விற்பனைக்கு வருகின்றன. மஞ்சளை விளைவிக்கும் நாம் இதன் உண்மையை ஆராய்ந்தறிதல் அவசியமாகும்.

பயன் யாது?

மஞ்சளுக்கு நிறமளிப்பது குர்குமின் என்னும் பொருள். இது அழற்சியைத் தணிக்கும் இயல்புடையது என ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டுகின்றன. புண்ணாற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995-இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. இது பாரத மக்கள் தொன்றுதொட்டு அறிந்ததே என நமது அறிவியல் தொழில் ஆராய்ச்சி மன்றம் சான்றுகளுடன் வாதாட, 1997-இல் அவ்வுரிமை ரத்தாயிற்று. ஆயினும், மஞ்சள் தோற்சுருக்கத்தை நீக்கும் என்பதற்குப் போதிய மருத்துவச் சான்று இல்லை. தோல் விரைவில் மூப்படைய முதன்மையான புறக்காரணம் வெயிலே. ஆகவே, வயலில் உழைப்போருக்குத் தலைப்பாகையும் முழுக்கைச் சட்டையுமே முதற்பாதுகாப்பு.

தீங்கு எங்குளது?

தூய மஞ்சள் பெரும்பாலோருக்குத் தீங்கு செய்வதில்லை. சிலருக்கு மட்டும் அரிப்பும் தடிப்பும் உண்டாகலாம். பெருந்தீங்கு கலப்படத்தினாலேயே நேர்கிறது. பளபளப்புக்காகச் சேர்க்கப்படும் ஈயக் குரோமேட் என்னும் மஞ்சட் சாயம் உடலிற் சேர்ந்தால் குழந்தைகளின் மூளை வளர்ச்சி குன்றும். முகத்திற் பூசும் அதே மஞ்சள்தான் குழம்பிலும் இடப்படுகிறது என்பதை மறத்தலாகாது. வங்காள தேசத்தில் 2019-இல் சந்தை மஞ்சள் மாதிரிகளில் 47 விழுக்காட்டில் ஈயம் காணப்பட்டது. அரசின் கண்டிப்பான நடவடிக்கையாலும் பிரசாரத்தாலும் 2021-இல் அது ஒரு மாதிரியிலும் காணப்படவில்லை. முயன்றால் கலப்படத்தை ஒழிக்கலாம் என்பதற்கு இதுவே சான்று.

செய்ய வேண்டுவன

1. மஞ்சளை வேகவைத்து, உலர்த்தி, மெருகேற்றுங்கால் எவ்விதச் சாயமும் சேர்க்கலாகாது.

2. ஒரு குவளை நீரில் ஒரு தேக்கரண்டி மஞ்சள் தூளை இடுக. நல்ல தூள் அடியிற் படிந்து நீர் வெளிர்மஞ்சளாகும். நீர் அடர்மஞ்சளானால் ஐயத்துக்கு இடமுண்டு. அப்போது உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் தெரிவித்து ஆய்வுக்கு அனுப்புவிக்க வேண்டும்.

3. புதிய பூச்சை முன்கையின் உட்புறத்தில் சிறிதளவு தடவி, இரு நாட்கள் கவனித்த பின்னரே முகத்திற் பூசுக.

4. முகப்பூச்சு தயாரித்து விற்க விரும்பும் மகளிர் குழுக்கள், 2020-ஆம் ஆண்டு அழகுப்பொருள் விதிகளின்படி உரிமம் பெறுதல் வேண்டும்.

இவற்றைக் கிராம சபையில் விளக்கிக் கூறுவது ஊராட்சி உறுப்பினர்களின் கடமையாகும். கலப்படமற்ற மஞ்சளே விளைவிப்போருக்கு நற்பெயரையும், வாங்குவோருக்கு நலத்தையும் அளிக்கும்.