மரமஞ்சள் கொடியைக் காத்தல்

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் பெருமரங்களைப் பற்றிப் படர்வது மரமஞ்சள் என்னும் கொடி. சமையல் மஞ்சளுக்கும் இதற்கும் உறவில்லை. தண்டை வெட்டினால் உள்ளே மஞ்சளாயிருப்பதே பெயர்க் காரணம். அந்நிறத்தைத் தரும் பெர்பெரின் என்னும் பொருளே இதன் மருந்துச் சத்தாகும். வடநாட்டு வைத்தியர் இமயமலையின் முட்செடியொன்றைத் தாருஹரித்திரையாகக் கொள்ள, தென்னாட்டார் இக்கொடியையே கொண்டனர். தேவை பெருகிற்று, கொடி அருகிற்று.

இக்கொடியில் ஆண் வேறு, பெண் வேறு. இரண்டும் அருகருகே இருந்தாலன்றி விதை உண்டாகாது. பூத்துக் காய்க்க ஏறக்குறைய 15 ஆண்டுகள் செல்லும். விதை முளைக்கவும் மாதங்கள் பல வேண்டும். வேரும் விலைபோவதால் அடியோடு தோண்டி எடுப்போர் உண்டு. பெண்கொடி அழிந்தபின் ஆண்கொடிகள் எத்துணைத் தழைத்தும் பயன் என்ன? காடு என்னவோ பசுமையாகத்தான் தோன்றும்!

2002ஆம் ஆண்டின் உயிரிப் பல்வகைமைச் சட்டத்தின் வழி ஊராட்சிகளில் மக்கள் பதிவேடு எழுதப்படுகிறது. அதில் "மரமஞ்சள் உண்டு" என்று ஒரு வரி எழுதுதல் போதாது என்பது நமது கருத்து. பழம் தாங்கும் கொடிகள் எத்தனை, எந்த ஓடையருகே உள்ளன என்று மலைவாழ் மக்களைக் கேட்டு எழுதுவோமாக. அவற்றின்மீது கத்தி படாதிருக்கக் கிராம சபை தீர்மானம் செய்யலாம். வன உரிமை பெற்ற ஊர்களுக்கு 2006ஆம் ஆண்டின் சட்டம் அவ்வதிகாரத்தை அளித்துள்ளது. விதையிட்டு வளர்த்த நாற்று ஆணா பெண்ணா என்பது பூக்கும்வரை தெரியாதாகையால், ஓரிடத்தில் பலவற்றைச் சேர்த்தே நடுதல் வேண்டும்.